பதினான்கு நாள் கணக்கு

ஆரணிப் பக்கத்தில் ஒருவருக்குக் காய்ச்சலும் உடம்பெல்லாம் சிவப்புத் தடிப்பும் ஒன்றாகக் கண்டால், வீட்டுப் பெரியவர்கள் வாயில் முதலில் வரும் சொல் அம்மை. நிலைப்படியில் வேப்பிலை ஏறும். அடுப்பில் தாளிப்பு நிற்கும். படவேட்டு ரேணுகாம்பாளுக்கு மஞ்சள் துணியில் காசு முடிந்து வைப்பார்கள். தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை ஊசியும் மாத்திரையும் அந்த வீட்டுக்குள் வரக் கூடாது. சேவூர் போன்ற பட்டுத்தறி ஊரில் இதோடு இன்னொரு கவலையும் சேரும். குழித்தறி வீட்டுக்குள்ளேயே இருக்கிறது; சத்தம் நின்றால் தெருவுக்கே தெரிந்துவிடும். பட்டு இழையோ சொரசொரத்த விரலைப் பொறுக்காது. தோல் வெடித்த கையில் சிக்கும், இழுபடும், அறுந்து போகும். நெசவாளிக்குத் தோலில் வந்த கேடு தொழிலுக்கு வந்த கேடு.

2004ஆம் ஆண்டுக்குப் பிறகு, அம்மை என்று எளிதில் எண்ணிவிடக்கூடிய வேறொரு தடிப்பு தமிழ்நாட்டு வீடுகளுக்குள் வந்தது. அரசு ஆஸ்பத்திரிகள் இலவசமாகக் கொடுக்கத் தொடங்கிய எச்.ஐ.வி. மாத்திரையில் நெவிரபின் என்ற மருந்து இருந்தது. அதைத் தொடங்கிய சில வாரங்களுக்குள் பலருக்கு உடம்பு சிவந்து அரித்தது. பெரும்பாலானவர்களுக்குத் தானாக அடங்கிவிட்டது. மிகச் சிலருக்கு அடங்கவில்லை. காய்ச்சல் ஏறி, வாயும் கண்ணும் புண்ணாகி, தீக்காயம் பட்டவர்களுக்குப் போலத் தோல் கொப்புளித்து உரிந்தது.

இதை எச்.ஐ.வி.யின் கதையாக மட்டும் சொன்னால் பாதிக் கதைதான். பழைய வட ஆர்க்காட்டிலும் சென்னையிலும் இதே பேரம் அதற்கு முன்பே இரண்டு முறை நடந்திருக்கிறது. கொடிய நோய் ஒன்று, ஏழைக்கும் எட்டுகிற விலையில் ஒரு மாத்திரை, மீதி விலையைக் கட்ட நோயாளியின் தோல்.

முதல் பேரம் தொழுநோயில். வட ஆர்க்காடு அந்த நோய் மிகுந்த மாவட்டமாக இருந்தது. வேலூருக்கு அருகே கரிகிரியில் 1955இல் ஷிஃபெலின் தொழுநோய் ஆராய்ச்சி நிலையம் அமைந்ததும், வேலூர் சி.எம்.சி.யில் பால் பிராண்ட் மடங்கிப்போன விரல்களை அறுவைச் சிகிச்சையால் மீண்டும் இயங்கவைத்து உலகப் புகழ் பெற்றதும் அந்தச் சூழலில்தான். தோலில் வெளுத்த தேமல் ஒன்று தெரிந்தால் கிள்ளிப் பார்த்து உணர்ச்சி இருக்கிறதா என்று சோதிக்கிற பழக்கம் இந்த மாவட்டத்துக்கு அப்படி வந்ததே. 1940களின் பிற்பகுதியில் செங்கல்பட்டு திருமணி தொழுநோய் மருத்துவமனையில் மருத்துவர் ராபர்ட் காக்ரேன் சல்ஃபோன் வகை மருந்துகளைக் கொடுத்துப் பார்த்தார். அந்த வகையில் நிலைத்து நின்றது டாப்சோன். அதற்கு முன் தொழுநோய்க்கு இருந்த கதி நீரடிமுத்து எண்ணெய் ஊசிதான். வலி அதிகம், பலன் சந்தேகம். டாப்சோன் சில காசுகளுக்குக் கிடைத்தது, உண்மையாகவே வேலை செய்தது. ஆனால் நான்கு, ஐந்து வாரத்தில் சிலருக்குக் காய்ச்சல், தடிப்பு, நெறிகட்டுதல், கல்லீரல் வீக்கம் எல்லாம் சேர்ந்து வந்தன. 1950ஐ ஒட்டிய ஆண்டுகளிலேயே மருத்துவ இதழ்கள் இதைத் தனி நோய்க்குறியாகப் பதிவு செய்துவிட்டன. நோயே தோலில் இருக்கும்போது மருந்தின் கேடும் தோலில் வந்தால், எது நோய், எது மருந்து என்று யார் பிரிப்பது? பல ஊர்களில் யாரும் பிரிக்கவில்லை என்றுதான் நினைக்க வேண்டியிருக்கிறது.

இரண்டாவது பேரம் காசநோயில். இதில் சென்னைக்கு உலக மருத்துவ வரலாற்றிலேயே இடம் உண்டு. 1956இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நான்கும் சேர்ந்து காசநோய் வேதிச்சிகிச்சை மையத்தைத் தொடங்கின. வாலஸ் ஃபாக்ஸ் அதை வழிநடத்தினார். சானடோரியத்தில் படுக்கவைத்து, சத்துணவு கொடுத்து, ஓய்வில் வைத்தால்தான் காசம் குணமாகும் என்ற நம்பிக்கையை அந்த மையத்தின் முதல் ஆய்வே உடைத்துப் போட்டது. சென்னையின் நெருக்கடியான வீடுகளில் இருந்தபடியே மாத்திரை சாப்பிட்டவர்களும் கிட்டத்தட்ட அதே அளவுக்குக் குணமானார்கள். உலகம் முழுக்க சானடோரியங்கள் காலியானதற்கு அந்த முடிவு ஒரு பெரிய காரணம்.

வீட்டிலேயே மருத்துவம் என்றால் அந்த மருந்து வீட்டுக்குக் கட்டுப்படியாக வேண்டும். ஐசோனியசிட் மலிவு. அதோடு சேர்த்துக் கொடுத்த பாஸ் என்ற மருந்து விலை கூடியது. கிராம் கணக்கில் விழுங்க வேண்டும், வயிற்றைக் கலக்கும். அதன் இடத்துக்கு வந்தது தையாசெட்டசோன். சல்ஃபா மருந்துக்காக நோபல் பரிசு பெற்ற கெர்ஹார்ட் டோமாக்கின் குழு 1940களில் ஜெர்மனியில் உருவாக்கியது அது. ஐசோனியசிட் 300 மில்லிகிராம், தையாசெட்டசோன் 150 மில்லிகிராம். இரண்டையும் ஒரே மாத்திரையாக்கினால் ஒரு நாள் மருந்துக்குச் சில காசு. சென்னை மையம் அதைச் சோதித்து 1966இல் முடிவுகளை வெளியிட்டது. 1962இல் தொடங்கிய தேசியக் காசநோய்த் திட்டத்தில் அந்தச் சோடி மருந்து பல்லாண்டு ஓடியது.

அதே 1966இல் ஃபாக்ஸும் அவருடைய சகாக்களும் தையாசெட்டசோனின் பக்கவிளைவுகளைப் பல நாடுகளில் ஒரே முறையில் கணக்கெடுத்து வெளியிட்டார்கள். கிழக்கு ஆப்பிரிக்காவில் பெரும்பாலோர் தாங்கிக்கொண்ட மருந்தை வேறு சில நாடுகளில் பலரால் தாங்க முடியவில்லை. ஒரே மாத்திரை, ஒரே அளவு. நாட்டுக்கு நாடு உடம்பு வேறு மாதிரி பதில் சொன்னது. மரபணு வரைபடமெல்லாம் இல்லாத காலத்தில் இது கூர்மையான கண்டுபிடிப்பு. இன்னும் கொஞ்சம் பேசப்பட்டிருக்க வேண்டியதும் கூட.

தையாசெட்டசோனின் முழுக் கோபம் எச்.ஐ.வி. வந்த பிறகுதான் தெரிந்தது. 1991இல் நைரோபியிலிருந்து வந்த ஆய்வு லான்செட் இதழில் வெளியாயிற்று. அந்த மருந்தைச் சாப்பிட்ட காசநோயாளிகளில் எச்.ஐ.வி. தொற்று இல்லாதவர்களுக்குத் தோல் ஒவ்வாமை நூற்றில் ஒருவர் அளவில். தொற்று உள்ளவர்களிலோ ஐந்தில் ஒருவர் அளவில். தோல் உரிந்து சிலர் இறந்தும் போனார்கள். எச்.ஐ.வி. இருப்பவர்களுக்கும் இருக்கலாம் என்று சந்தேகம் உள்ளவர்களுக்கும் தையாசெட்டசோன் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் அதன் பின் சொன்னது. பல்லாண்டு ஏழை நாடுகளின் காசநோய்த் திட்டங்களைத் தாங்கிய மாத்திரை அதோடு சரிந்தது.

இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது அந்த நைரோபி ஆய்வுக்கு ஐந்தாண்டு முன்பே தெரிந்திருந்தது. அது தெரியவந்த இடம் சேவூரிலிருந்து ஒரு பஸ் தூரம். சென்னை மருத்துவக் கல்லூரி மாணவி நிர்மலா, பேராசிரியர் சுனிதி சாலமன் சொன்னபடி பாலியல் தொழிலில் இருந்த பெண்களின் ரத்தத்தைச் சேகரித்தார். அன்று சென்னையில் சோதிக்க வசதி இல்லை. 1986 பிப்ரவரியில் மாதிரிகளை எடுத்துக்கொண்டு ராத்திரி ரயிலேறி காட்பாடியில் இறங்கினார். வேலூர் சி.எம்.சி. வைரஸ் ஆய்வகத்தில் ஆறு மாதிரிகள் நிறம் மாறின. அமைச்சர் எச்.வி. ஹண்டே சட்டமன்றத்தில் அறிவித்தபோது நாடே நம்ப மறுத்தது. சுனிதி சாலமன் 1993இல் ஒய்.ஆர்.ஜி. கேர் மையத்தைத் தொடங்கினார். அதே 1993இல் தாம்பரம் காசநோய் ஆஸ்பத்திரி எச்.ஐ.வி. நோயாளிகளை உள்நோயாளிகளாகச் சேர்க்க ஆரம்பித்தது.

தாம்பரம் ஆஸ்பத்திரிக்கு ஒரு கிளைக்கதை உண்டு. 1928இல் அதைத் தனியார் சானடோரியமாக நிறுவியவர் டாக்டர் சௌரி முத்து. இங்கிலாந்தில் மெண்டிப் மலைச் சானடோரியத்தில் கணித மேதை ராமானுஜனுக்கு வைத்தியம் பார்த்த அதே சௌரி முத்து. 1937இல் அரசு அதை எடுத்துக்கொண்டது. காற்றும் ஓய்வுமே மருந்து என்று தொடங்கிய இடம், வேறு ஆஸ்பத்திரிகள் கதவைச் சாத்திய எச்.ஐ.வி. நோயாளிகளுக்கு அடைக்கலம் ஆயிற்று. கண்காணிப்பாளராக இருந்த சி.என். தெய்வநாயகம் அங்கே சித்த மருந்துகளையும் கொடுத்துப் பார்த்தார்: ரசகந்தி மெழுகு, அமுக்கரா சூரணம், நெல்லிக்காய் லேகியம். ஆங்கில மருந்து எட்டாக் கனியாக இருந்த காலம் அது. அந்த முயற்சியை இன்று கேலி செய்வது எளிது. அன்று அந்த வார்டில் படுத்திருந்தவர்களுக்கு வேறு என்ன இருந்தது என்பதையும் சேர்த்துத்தான் கேலி செய்ய வேண்டும்.

மூன்று மருந்துக் கூட்டுச் சிகிச்சை 1996இலேயே பணக்கார நாடுகளில் வந்துவிட்டது. ஓர் ஆளுக்கு ஓர் ஆண்டுச் செலவு 10,000 டாலருக்கு மேல். 2001 பிப்ரவரியில் மும்பை சிப்ளா நிறுவனத்தின் யூசுஃப் ஹமீத், எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்புக்கு அதே சிகிச்சையை ஆண்டுக்கு 350 டாலருக்குத் தருவதாகச் சொன்னார். உலக மருந்துச் சந்தை அதிர்ந்தது. ஸ்டாவுடின், லாமிவுடின், நெவிரபின் மூன்றையும் ஒரே மாத்திரையில் அடைத்து ட்ரையோம்யூன் என்ற பெயரில் அந்நிறுவனம் விற்றது. காலை ஒன்று, இரவு ஒன்று. குளிர்பெட்டி வேண்டாம், சாப்பாட்டுக் கட்டுப்பாடு இல்லை. ஏழை நாடுகளின் எச்.ஐ.வி. சிகிச்சை அந்த ஒரு மாத்திரையின் மேல்தான் எழுந்தது.

2004 ஏப்ரல் 1ஆம் தேதி இந்திய அரசு ஏ.ஆர்.டி. எனப்படும் எச்.ஐ.வி. கூட்டு மருந்துச் சிகிச்சையை இலவசமாக எட்டு ஆஸ்பத்திரிகளில் தொடங்கியது. தமிழ்நாட்டுக்கு அன்று இருந்தது தாம்பரம் ஒன்றுதான். சேவூரிலிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல். விடியுமுன் ஆரணியில் பஸ் ஏறினால்தான் வரிசையில் இடம். மாவட்டத் தலைநகர்களுக்கு ஏ.ஆர்.டி. மையங்கள் வந்தது பிற்பாடு. வந்த பிறகும் சிலர் தூரத்து மையத்தையே விரும்பினார்கள். உள்ளூர் ஆஸ்பத்திரி வரிசையில் நின்றால் தெரிந்த முகம் பார்த்துவிடும்.

நெவிரபின்னைத் தொடங்குவதற்கு ஒரு முறை இருந்தது. முதல் பதினான்கு நாள் ஒரு நாளைக்கு ஒரு வேளை மட்டும், 200 மில்லிகிராம். பதினைந்தாம் நாளிலிருந்து இரு வேளை. தடிப்பு வந்திருந்தால் அது போகும்வரை அளவைக் கூட்டக் கூடாது. காரணம் கல்லீரலில் இருக்கிறது. நெவிரபின் தன்னையே உடைக்கும் நொதிகளைக் கல்லீரலில் தூண்டிவிடும் மருந்து. அந்த நொதிகள் பெருக இரண்டு வாரம், சில சமயம் நான்கு வாரம் ஆகும். அதற்குள் முழு அளவைக் கொடுத்தால் மருந்து ரத்தத்தில் தேங்கும், தடிப்பு கூடும். பாதி அளவில் தொடங்கினால் தடிப்பு குறைகிறது என்று சோதனைகளில் தெரிந்தது. அடியோடு போய்விடுகிறது என்று யாரும் சொல்லவில்லை.

சிக்கல் எங்கே என்றால், மூன்று மருந்தும் ஒரே மாத்திரையில் ஒட்டிக் கிடந்தன. அதை உடைத்து நெவிரபின்னை மட்டும் குறைக்க முடியாது. அதனால் இரண்டு டப்பா. காலையில் மூன்று மருந்து மாத்திரை, இரவில் நெவிரபின் இல்லாத இரண்டு மருந்து மாத்திரை. பதினான்கு நாள் முடிந்ததும் இரண்டாவது டப்பாவை விட்டுவிட்டு இரு வேளையும் முதல் டப்பா. இதை எழுத்துத் தெரியாத ஒருவருக்கு, நோயின் பெயரைக் கேட்ட அதிர்ச்சி அடங்காத ஒருவருக்கு, அரை மணி நேரத்தில் ஏ.ஆர்.டி. மைய ஆலோசகர் புரியவைக்க வேண்டும். டப்பா மாறிப்போனால் முழு அளவு முதல் நாளே உள்ளே போகும். ஒரு வாரத்துக்கு மேல் விட்டுவிட்டவர் மறுபடி தொடங்கினால் பதினான்கு நாள் கணக்கும் மறுபடி முதலிலிருந்து. ஆடி மாதம் ஊர்த் திருவிழாவுக்கு உறவுக்காரர் வீடு நிறைந்திருக்கும்போது மாத்திரையை ஒளித்து வைத்து, பிறகு எடுக்க மறந்துபோவது எல்லா ஊரிலும் நடப்பதுதான்.

அதைவிடப் பெரிய இடறல் காலத்தில் இருந்தது. நெவிரபின் தடிப்பு பெரும்பாலும் முதல் ஆறு வாரத்துக்குள் வரும். மாத்திரையைக் கொடுத்த டாக்டர் தாம்பரத்தில். தடிப்பு வரும்போது நோயாளி தறிக்குழியில். 'லேசான தடிப்பென்றால் சாப்பிட்டுக்கொண்டே இருங்கள். காய்ச்சல், கொப்புளம், வாய்ப்புண், கண் சிவப்பு, முகவீக்கம் எது சேர்ந்தாலும் உடனே நிறுத்திவிட்டு வாருங்கள்' என்பதுதான் மையத்தில் சொன்ன அறிவுரை. ஒரே தடிப்புக்கு இரண்டு எதிரெதிர் கட்டளைகள். நடுவில் வேப்பிலை. அம்மை என்று நினைத்து மருந்தை நிறுத்திய குடும்பம் தெரியாமலே சரியானதைச் செய்திருக்கும். ஆஸ்பத்திரிக்குப் போகாததால் பாதி சரி.

இந்த உரிதலுக்கு மருத்துவத்தில் இரண்டு பெயர்கள். 1922இல் நியூயார்க்கில் ஸ்டீவன்ஸ், ஜான்சன் என்ற இரு மருத்துவர்கள், காய்ச்சலும் வாய்ப்புண்ணும் கண் அழற்சியும் தடிப்புமாக வந்த இரண்டு சிறுவர்களைப் பற்றி எழுதினார்கள். அதிலிருந்து ஸ்டீவன்ஸ்-ஜான்சன் நோய்க்குறி. 1956இல், சென்னையில் காசநோய் மையம் தொடங்கிய அதே ஆண்டு, ஸ்காட்லாந்து மருத்துவர் ஆலன் லயல் தோல் பெரும்பரப்பில் உரியும் நிலையை விவரித்தார். அது லயல் நோய்க்குறி. உடம்பின் பரப்பில் பத்து சதவீதத்துக்குள் உரிந்தால் முன்னது, முப்பதைத் தாண்டினால் பின்னது. இடையில் இருப்பது இரண்டும் கலந்தது. பின்னதில் மூன்றில் ஒருவர் அளவில் இறக்கிறார்கள். மாற்று மருந்து கிடையாது. குற்றவாளி மருந்தை நிறுத்த வேண்டும். தீக்காய நோயாளியைப் போல் திரவமும் உப்பும் கொடுத்துத் தொற்று வராமல் காக்க வேண்டும். முதல் நாளிலிருந்தே கண் டாக்டர் பார்க்க வேண்டும். ஒரு முறை அப்படி வந்தவர் வாழ்நாள் முழுக்க அந்த மருந்தைத் தொடவே கூடாது.

தடிப்பு வருமுன் தடுக்கலாமே என்று முதல் இரண்டு வாரம் ஸ்டீராய்டு கொடுத்துப் பார்த்தார்கள். தடிப்பு குறையவில்லை, கூடியது. அலர்ஜிக்கு என்று ஊரில் போடும் ஊசியின் மேல் நம்பிக்கை வைத்திருக்கும் நமக்கு இது கொஞ்சம் உறைக்க வேண்டிய செய்தி.

குற்றவாளி மருந்து எது என்று கண்டுபிடிப்பதும் லேசான காரியமல்ல. எச்.ஐ.வி.யால் எதிர்ப்புச் சக்தி சரிந்தவர்களுக்கு நிமோனியாவைத் தடுக்க கோட்ரைமாக்சசோல் கொடுப்பார்கள். அது சல்ஃபா, எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு அதுவும் தடிப்பு கொண்டுவரும். அது ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு மாற்று எது என்றால், பழைய தொழுநோய் மருந்தான டாப்சோன்! பலருக்குக் காசநோய் மருந்துகளும் ஓடிக்கொண்டிருக்கும். மூன்று நான்கு மருந்துகள் ஒரே வாரத்தில் உள்ளே போனால் யாரைப் பிடிப்பது? அதனால்தான் கோட்ரைமாக்சசோலை முதலில் தொடங்கி, சில நாள் பார்த்து, ஒன்றும் வரவில்லை என்றான பிறகு ஏ.ஆர்.டி.யைத் தொடங்கும் வழக்கம் வந்தது. காசநோய் மருந்தான ரிஃபாம்பிசின் நெவிரபின்னின் அளவை ரத்தத்தில் குறைத்துவிடும் என்பது தனிச் சிக்கல். சென்னை காசநோய் ஆராய்ச்சி மையத்தில் சௌமியா சுவாமிநாதன் குழு நடத்தி 2011இல் வெளியிட்ட ஆய்வில், காசமும் எச்.ஐ.வி.யும் சேர்ந்தவர்களுக்கு ஒரு நாளைக்கு ஒரு வேளை கொடுத்த நெவிரபின் எஃபாவிரன்ஸ் என்ற இன்னொரு எச்.ஐ.வி. மருந்துக்கு ஈடு கொடுக்கவில்லை. நோயாளிகளைச் சேர்ப்பதையே நடுவில் நிறுத்த வேண்டியதாயிற்று.

நெவிரபின்னின் விசித்திரம் இன்னொன்று. தையாசெட்டசோன் எதிர்ப்புச் சக்தி சரிந்தவர்களைப் பிடித்தது. நெவிரபின் எதிர்ப்புச் சக்தி நன்றாக இருப்பவர்களைப் பிடித்தது. ஊசி குத்திக்கொண்டதால் தற்காப்புக்காக அதைச் சாப்பிட்ட, எச்.ஐ.வி.யே இல்லாத மருத்துவப் பணியாளர்களுக்குக் கடுமையான கல்லீரல் பாதிப்பும் தோல் பாதிப்பும் வந்ததாக அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2001 ஜனவரியில் எச்சரித்தது. 2005இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு கணக்கையே எழுதிக் கொடுத்தது: எதிர்ப்புச் சக்தியின் அளவுகோலான சிடி4 அணுக்கள் 250க்கு மேல் உள்ள பெண்கள், 400க்கு மேல் உள்ள ஆண்கள் இந்த மருந்தைத் தொடங்கினால் கல்லீரல் ஆபத்து பல மடங்கு, பல சமயம் தடிப்பும் கூடவே வரும்.

இந்தியாவில் 2004இல் சிடி4 200க்குக் கீழே போனவர்களுக்குத்தான் மாத்திரை. சாவின் விளிம்புக்கு வந்தவர்களுக்கே மருந்து என்ற அந்த விதி கொடுமையானது. ஆனால் நெவிரபின்னின் கோபத்திலிருந்து பலரைக் காத்ததும் அதே விதிதான். பின்னர் 350, 500 என்று எல்லை உயர்ந்து, 2017இல் தொற்று உறுதியான எல்லோருக்கும் உடனே சிகிச்சை என்றானது. நலமாக இருக்கும்போதே, அதுவும் கர்ப்பப் பரிசோதனையில் தொற்று தெரிந்த இளம் பெண்களுக்கு மாத்திரை தொடங்கும் நிலையில், நெவிரபின் முதல் மருந்தாக இருக்க முடியாது.

ஒய்.ஆர்.ஜி. கேர் மையத்தின் குமாரசாமியும் சகாக்களும் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட தென்னிந்திய நோயாளிகளின் பதிவுகளைப் பார்த்து 2008இல் எழுதினார்கள். அதில் அடிக்கடி கண்ட பக்கவிளைவுகளில் முன்னால் நின்றது தடிப்பு. நூற்றுக்குப் பதினைந்து பேர் அளவில். அது ஒரு தனி மையத்தின் கணக்கு. நாடு முழுக்கக் கணக்கு வைக்க 2004-05இல் தொடங்கிய மருந்துக் கண்காணிப்புத் திட்டம் சில ஆண்டுகளில் ஓய்ந்துபோய், 2010 ஜூலையில்தான் இன்றைய இந்திய மருந்து விழிப்புத் திட்டம் பிறந்தது. இலவச மாத்திரை லட்சக்கணக்கானவர்களுக்குப் போன முதல் ஆண்டுகளில், எத்தனை பேருக்குத் தோல் உரிந்தது என்பது கேஸ் ஷீட்டுகளில் தூங்கியது. மலிவு மருந்தைத் தேர்ந்தெடுத்ததில் தவறில்லை. அது இல்லையென்றால் அந்தத் தலைமுறையே போயிருக்கும். மீதி விலையை யார் கட்டினார்கள் என்று எழுதி வைக்காததுதான் தவறு. டாப்சோன், தையாசெட்டசோன் என்று இரண்டு முன்னனுபவம் கையில் இருந்த நாடு இது.

பிழைத்தவர்களில் சிலருக்குக் கண் போகும். உரிந்த இமையின் உட்புறம் ஆறும்போது கண்ணோடு ஒட்டிக்கொள்ளும், கண்ணீர் வற்றும், கருவிழி வெளுக்கும். அந்த நிலையில் சாதாரணக் கருவிழி மாற்றம் நிற்காது. சென்னை சங்கர நேத்ராலயாவில் நோயாளியின் பல்லையே எலும்போடு எடுத்துச் செதுக்கி, அதில் செயற்கை லென்ஸைப் பதித்துக் கண்ணில் வைக்கும் அறுவைச் சிகிச்சை உண்டு. இத்தாலியில் வளர்ந்த முறை. அதை நாடி வருபவர்களில் ஸ்டீவன்ஸ்-ஜான்சன் நோயாளிகள் முக்கியமானவர்கள். எச்.ஐ.வி. மாத்திரை மட்டுமல்ல, வலிப்பு மாத்திரை, சல்ஃபா, வலி நிவாரணி என்று அவர்களின் குற்றவாளிப் பட்டியல் நீளம். ஜரிகை இழை எண்ணிப் பிழைக்கிற ஊருக்குக் கண்ணின் அருமையை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பணக்கார நாடுகள் இன்னொரு எச்.ஐ.வி. மருந்தில் வேறு வழி கண்டன. அபகாவிர் சிலருக்குக் காய்ச்சலும் தடிப்புமாக ஆபத்தான ஒவ்வாமையைத் தந்தது. நிறுத்திவிட்டு மறுபடி கொடுத்தால் உயிருக்கே உலை. எச்.எல்.ஏ.-பி 5701 என்ற மரபணு வகை உள்ளவர்களுக்கே அது வருகிறது என்று ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் சைமன் மல்லால் குழு 2002இல் கண்டது. 2008இல் ஏறத்தாழ இரண்டாயிரம் பேரிடம் நடந்த சோதனை அதை உறுதி செய்தது. மருந்துக்கு முன் ஒரு ரத்தச் சோதனை. அந்த வகை இருந்தால் அபகாவிர் இல்லை. நெவிரபின்னுக்கும் தாய்லாந்திலும் ஆப்பிரிக்காவிலும் மரபணுத் தடயங்கள் கிடைத்தன. ஆனால் ஆளுக்கு ஆள், இனத்துக்கு இனம் மாறியதால் ஒரே சோதனையாக அது திரளவில்லை. திரண்டிருந்தாலும் மாத்திரையைவிடச் சோதனை விலை கூடியிருக்கும்.

தமிழ்நாட்டில் நெவிரபின் சிக்கலைத் தீர்த்தது சோதனை இல்லை, மாற்று மருந்தின் விலைச்சரிவு. 2010களின் முற்பகுதியில் எஃபாவிரன்ஸ் அடங்கிய ஒரே மாத்திரை முதல் வரிசைக்கு வந்தது. அதிலும் தடிப்பு உண்டு, ஆனால் கடுமையானது அரிது. தலைசுற்றலும் கனவுகளும் அதன் தொல்லை. 2020ஐ ஒட்டி டொலுட்டிகிராவிர் வந்து அதையும் ஓரம் கட்டியது. ஒரு நாளைக்கு ஒரு மாத்திரை, பதினான்கு நாள் கணக்கு கிடையாது, இரண்டு டப்பா கிடையாது. எடை கூடுகிறது, சிலருக்குச் சர்க்கரை ஏறுகிறது என்பவைதான் இன்றைய ஏ.ஆர்.டி. மையங்களின் பேச்சு. நெவிரபின்னால் கெடுதல் இல்லாமல் பல ஆண்டு அதையே சாப்பிட்டவர்களும் மெல்ல மெல்லப் புது மாத்திரைக்கு மாற்றப்பட்டார்கள். தொற்றுள்ள தாய்க்குப் பிறக்கும் குழந்தைக்கு ஆறு வாரம் சொட்டு மருந்தாகக் கொடுப்பதில் நெவிரபின் இன்னும் வாழ்கிறது.

தோல் உரியும் ஒவ்வாமை மட்டும் ஓயவில்லை. வலிப்புக்கு, கீல்வாதத்துக்கு, காய்ச்சலுக்கு என்று தொடங்கும் எந்தப் புது மாத்திரைக்குப் பிறகும் அது வரலாம். புது மருந்து தொடங்கி இரண்டு மாதத்துக்குள் காய்ச்சலோடு தடிப்பு, வாய்ப்புண், கண் எரிச்சல் சேர்ந்து வந்தால் அம்மையா என்று பார்ப்பது இருக்கட்டும். சாப்பிட்ட மாத்திரை அட்டை அத்தனையையும் பையில் போட்டுக்கொண்டு அன்றைக்கே ஆரணி அரசு ஆஸ்பத்திரிக்கோ, கண்ணமங்கலம் வழியாக அடுக்கம்பாறை மருத்துவக் கல்லூரிக்கோ, வேலூருக்கோ போய்விடுங்கள். எந்த மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று ஒரு சீட்டில் எழுதி வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். அடுத்த டாக்டரிடம் அதுதான் உங்கள் சாட்சி. மருந்து விழிப்புத் திட்டத்தின் கட்டணமில்லாத் தொலைபேசி எண் 1800 180 3024. டாக்டர்தான் சொல்ல வேண்டும் என்பதில்லை, நோயாளியோ வீட்டாரோ கூப்பிட்டுப் பதிவு செய்யலாம்.